நம் வீட்டுக் குழு: குட்டிக்குப் பெயர்

நான்: நானும் கயலும் எங்கள் குட்டிப் பையனுக்குப் பெயர் முடிவு செய்துவிட்டோம். ஆதன்.

சித்தி: ஆதவனா? நல்ல பெயர் கண்ணு, சூரியன்.

நான்: ஆதவன் இல்லை சித்தி. நடுவில் வ கிடையாது. ஆதன்.

சித்தி: நான் அப்படித்தான் தட்டினேன், இந்த போன் தானாகவே ஆதவன் என்று மாற்றிவிட்டது. போனுக்கே தெரியாத பெயரா?

அக்கா: என் மகள் வகுப்பில் ஆதித், ஆதவ், ஆதிரன் என்று ஆவன்னாவுக்கே ஒரு வரிசை உட்கார்ந்திருக்கிறதுகள். அதில் இவனுமா? யாரும் வைக்காத பெயர் தேடுகிறேன் என்று ஆறு மாதமாக அலட்டினாயேடா.

நான்: அக்கா, இது கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் இருக்கிற பெயர். தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் ஆதன் என்றும் குவிரன் ஆதன் என்றும் கீறியிருக்கிறார்கள். 2000 வருஷத்துக்கு முந்தைய பானை.

அத்தான்: சரிதான், பானை மாறிப்போகாமல் இருக்கப் பெயர் எழுதியிருக்கிறான். நீயும் பள்ளிக்கு அனுப்பும்போது தண்ணீர் பாட்டிலில் கீறி அனுப்பு.

பெரியப்பா: விளையாட்டாகப் பேசாதீர்கள். சேர அரசன் செல்வக் கடுங்கோ வாழியாதன், பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய ஏழாம் பத்து அவன் மேல்தான். புகளூர்க் குகைக் கல்வெட்டில் கோ ஆதன் செல்லிரும்பொறை என்று இருக்கிறது. ஐங்குறுநூற்றைத் திறந்தால் முதல் பத்துப் பாட்டும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றுதான் ஆரம்பிக்கும். அரசனுக்கும் இருக்கிறது, பானைக்காரனுக்கும் இருக்கிறது என்றால் ஒரு காலத்தில் ஊரெல்லாம் வைத்த பெயராகத்தான் இருந்திருக்க வேண்டும். இப்போது நமக்கு அபூர்வமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அம்மா: எனக்குப் பிடித்திருக்கிறது. கூப்பிடச் சின்னதாக இருக்கிறது.

அத்தான்: கூப்பிடுவது இருக்கட்டும், ஆங்கிலத்தில் எப்படி எழுதப் போகிறாய்? டி எச் தானே?

நான்: எந்த டி அத்தான்?

அத்தான்: டைகர் டி.

நான்: அதைப் போட்டால் வடக்கத்திக்காரர்கள் ஆத்தன் என்று அழுத்திவிடுவார்கள். டாக்டர் டி, எச்.

அக்கா: எச்சை விட்டுவிட்டால் ஆடன். முதல் ஏ இரண்டு போடாமல் ஒன்று போட்டால் தொழுகைக்கு அழைக்கிற அதான். பிறப்புச் சான்றிதழில் எழுதும்போது பக்கத்திலேயே நின்று பார், ஒரு எழுத்து போனால் பையன் வேறு ஆள்.

பெரியப்பா: தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. த ஒன்றுதான், இடம்தான் ஒலியைச் சொல்லும். தலை என்றால் முதலில் வருவதால் வல்லோசை, பத்து என்றால் இரட்டித்ததால் வல்லோசை, விதை என்றால் இரண்டு உயிருக்கு நடுவில் தானாக மெலிந்துவிடும். ஆதனும் அப்படித்தான்.

கயல்: நான் என் அலுவலகத்தில் இப்படித்தான் சொன்னேன் மாமா: காதலன் சொல்லத் தெரியுமா, முதல் க்-கையும் நடுவில் ல-வையும் எடுத்துவிடுங்கள் என்று. உடனே சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

சித்தி: இருங்கள் இருங்கள். அகராதி பார்த்தேன். ஆதன் என்றால் அறிவில்லாதவன் என்று போட்டிருக்கிறதே!!

அத்தான்: 😂😂😂

நான்: அதே இடத்தில் உயிர் என்றும் போட்டிருக்கும் சித்தி, முழுசாகப் படியுங்கள்.

சித்தி: ஆமாம், இருக்கிறது. இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் எந்தத் தமிழ் டீச்சராவது இதை எடுத்துச் சொன்னால் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

கயல்: சொன்னால் சேர அரசனைச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறேன் சின்னத்தை. பெயர் மாறாது.

பெரியப்பா: பிள்ளையை விடுங்கள், அப்பன் கதைதான் வேடிக்கை. ஆதன், பூதன் இந்த இரண்டு பெயரோடும் தந்தை என்ற சொல் சேர்ந்தால் எப்படிச் சுருங்கும் என்று தொல்காப்பியத்தில் தனியாக ஒரு நூற்பாவே இருக்கிறது. பூதன் தந்தை பூந்தை. ஆதன் தந்தை ஆந்தை. சங்கப் புலவர் பிசிராந்தையார் பெயரில் வருகிற ஆந்தையை அப்படித்தான் விளக்குவார்கள்.

அக்கா: அப்படியென்றால் என் தம்பி இனி ஆந்தையா???

பெரியப்பா: இலக்கணப்படி ஆமாம்.

கயல்: ராத்திரி முழுக்கக் குட்டியோடு கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பொருத்தம்தான் மாமா.

நான்: பெரியப்பா, இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா?

பெரியப்பா: சொல்லியிருந்தால் பெயரை மாற்றியிருப்பாய்.

அக்கா குழுவின் பெயரை 'ஆந்தை வீடு' என்று மாற்றினார்