புதுப்பிப்பு: பட்ஜெட் கேமிங் பிசி, 5600ஜி போடலாமா?

முந்தைய பதிவில் சொன்ன செட்: ரைசன் 5 5600 ப்ராசசர் (சிபியு), பி450 மதர்போர்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை. "5600-க்குப் பதிலா, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற 5600ஜி ப்ராசசர் போடலாமா?"ன்னு பலர் கேட்டிருந்தீங்க. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்குறது உறுதின்னா வேண்டவே வேண்டாம். 5600-ல் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரி) 32 எம்பி, ஜி-யில் 16தான். கேமில் ஃப்ரேம் ரேட் (செகண்டுக்கு எத்தனை படம்) அடிவாங்குறது அங்கேதான்.

ராம் 8 ஜிபி ரெண்டா வாங்குங்க. நாலு ஸ்லாட் போர்டுன்னா பெரும்பாலும் சிபியு பக்கமிருந்து 2, 4-ஆவது ஸ்லாட்ல மாட்டணும். பயாஸில் (மதர்போர்டோட செட்டிங்ஸ் பக்கம்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதோட முழு வேகத்துல ஓடவைக்கிற செட்டிங், ஆன் பண்ணலைன்னா 3200 வேக ராம் குறைஞ்ச வேகத்துலயே ஓடும்.

குளச்சல், முட்டம்னு கடலோர வீடுன்னா கேஸை ஜன்னல் பக்கம் வைக்காதீங்க. உப்புக்காத்து ஸ்லாட் பின்களை அரிச்சிடும். டிஸ்ப்ளே வரலையா? பவர் கார்டை உருவிட்டு, ராமைக் கழற்றி, அதோட பின்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைச்சு, நல்லா காஞ்சதும் மாட்டிப் பாருங்க.