சுருள் பியானோவை மிடியில் பதிவது: கட்டைக்கு அடியில் சென்சாரா, தாளை ஸ்கேன் செய்வதா?

கருங்கட்டை:
அப்பா வாசித்த பழைய பிளேயர் பியானோ ஒன்று எங்களிடம் இருக்கிறது. மோட்டார் கிடையாது. காலால் மிதித்தால் துருத்தி காற்றை உறிஞ்சும். துளையிட்ட தாள் சுருள் ஓடும்போது, துளை வருகிற இடத்தில் அந்தச் சுரத்தின் சுத்தியல் அடிக்கும். 88 சுரச் சுருள்கள் 40 வரை உள்ளன. ஓரங்கள் பொடிந்து உதிரத் தொடங்கிவிட்டதால் எல்லாவற்றையும் கணினியில் மிடியாக, அதாவது எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு பலமாக என்ற குறிப்பாக ஏற்றிவிட நினைக்கிறேன். கட்டைகளுக்கு அடியில் ஒளி சென்சார் பட்டை பொருத்தி, யூஎஸ்பி வழியே பதிவு மென்பொருளுக்குக் கொடுத்தேன். சுரங்கள் சரியாக வருகின்றன. அடியின் பலத்தைக் குறிக்கும் எண்ணான வெலாசிட்டி மட்டும் தாறுமாறு: மெல்லிய இடத்தில் 90, உரத்த இடத்தில் 60. எங்கே தப்பு?

சுருள்பெட்டி:
சென்சாரில் தப்பில்லை, முறையில்தான். உங்கள் பியானோவில் காற்று கட்டையை அழுத்துவதில்லை. உள்ளே இருக்கும் பொறியை நேராகத் தூக்குகிறது. கட்டை தன் எடையால் பின்னாலேயே இறங்குகிறது, அவ்வளவுதான். அந்த வேகத்தை அளந்து சுத்தியலின் வேகமாக எழுதினால் இப்படித்தான் வரும். சில பியானோக்களில் கட்டைகள் அசையாமல் பூட்டி வைக்க ஒரு நெம்புகோலே உண்டு. பூட்டினாலும் பாட்டு ஒலிக்கும்.

பட்டையைக் கழற்றுங்கள், தாளை ஸ்கேன் செய்யுங்கள். 11¼ அங்குல அகலம், அங்குலத்துக்கு 9 துளை. 1908இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் தயாரிப்பாளர்கள் கூடி ஒப்புக்கொண்ட அளவு. அதனால் எந்தத் துளை எந்தச் சுரம் என்பதில் குழப்பமே வராது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகமும் தன் சுருள்களை ஸ்கேன் செய்துதான் மிடி ஆக்குகிறது.

துருத்திக்காரன்:
இதை நான் ஏற்கவே மாட்டேன். வெல்ட்டே-மிக்னான், ஆம்பிகோ, டுவோ-ஆர்ட் என்று, கலைஞர் வாசித்ததை அப்படியே திருப்பி வாசிக்கும் பியானோக்களின் சுருள்களில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் ஓரத்தில் துளைகள் உண்டு. அவற்றுக்கு ஸ்கேன் சரி. மிதித்து வாசிக்கும் சாதாரணச் சுருளில் அந்த விவரம் எங்கே இருக்கிறது? சிலவற்றில் எந்தச் சுரம் முன்னே கேட்க வேண்டும் என்று ஒரு குறி இருக்கும், அதோடு சரி. மீதி எல்லாம் மிதிக்கிறவர் காலில் இருக்கிறது. அழுத்தி மிதித்தால் வெற்றிடம் கூடும், சுத்தியல் பலமாக அடிக்கும். வேக நெம்புகோலில் கை இருக்கும், எங்கே தாமதிப்பது என்பது அவர் முடிவு. நீங்கள் சொல்லும் ஸ்கேனில் எல்லாச் சுரமும் வெலாசிட்டி 64இல் நிற்கும். அதையா அவருடைய அப்பா வாசித்தார்?

சுருள்பெட்டி:
மிதிப்பது நாளுக்கு நாள் மாறும், தாள் மாறாது. ஓரம் உதிர்கிற சுருளை, பதிவு சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்கிறீர்களா? ஒரு கிழிசல் போதும், அந்த இடத்துச் சுரங்கள் போய்விடும். ஸ்கேனுக்கு ஒரே ஓட்டம், அதுவும் இழுப்பு மிகக் குறைவாக.

துருத்திக்காரன்:
உதிர்கிறவற்றைப் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் ஸ்கேனில் நேரமும் ஊகம்தான். சுருளில் வேகம் 70 என்று போட்டிருந்தால் நிமிடத்துக்கு 7 அடி. ஆனால் இழுக்கும் உருளையில் தாள் சுற்றச் சுற்றப் பருமன் கூடும், வேகமும் ஏறும். எவ்வளவு ஏறுகிறது என்பது உங்கள் மென்பொருள் போடும் கணக்கு. நீளமான சுரத்தைத் தாள் கிழியாமலிருக்கச் சின்னச் சின்னத் துளைகளாக வெட்டியிருப்பார்கள். அவற்றைச் சேர்க்காவிட்டால் ஒரே சுரம் பத்து முறை அடித்ததாக மாறிவிடும்.

நள்ளிரவு மிடி:
ஒரு வழி சொல்கிறேன், நான் செய்து பார்த்தது. பட்டையிலிருந்து எந்தச் சுரம், எப்போது என்பதை மட்டும் எடுங்கள். சத்தத்துக்கு, துருத்தியிலிருந்து போகும் குழாயில் ஓர் அழுத்த சென்சாரைக் கிளையாக வையுங்கள். சுரம் அடிக்கும் கணத்தில் வெற்றிடம் எவ்வளவோ அதை 1 முதல் 127 வரையான வெலாசிட்டியாக மாற்ற ஒரு சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போதும். தாழ்ந்த சுரங்களின் பாதிக்கும் உயர்ந்த சுரங்களின் பாதிக்கும் சத்தத்தை மாற்றத் தனி நெம்புகோல் இருந்தால் இரண்டு சென்சார்.

அப்புறம், சுரங்களைத் தாளத்துக்கு நேராக நகர்த்திவிடும் குவாண்டைஸை அணைத்தே வையுங்கள். அதைப் போட்டால் உங்கள் அப்பா தாமதித்த இடமெல்லாம் போய்விடும். டெம்போ 120, கால் சுரத்துக்கு 480 டிக் (மிடியின் நேர அலகு) என்றால் ஒரு டிக் ஏறக்குறைய 1 மில்லி விநாடி, தாராளம். சுரத்தை நீட்டி ஒலிக்கவிடும் சஸ்டெய்ன் பெடலைப் பட்டை பார்க்காது. அதற்குத் தனி ஸ்விட்ச் வைத்து, மிடியில் அந்தப் பெடலுக்கு உரிய 64ஆம் கன்ட்ரோலராக அனுப்புங்கள். மைக்கிலும் கூடவே பதியுங்கள், அந்தப் பியானோவின் குரல் மிடியில் வராது.

சுருள்பெட்டி:
ஒரே சென்சார் என்றால் மெட்டுக்கும் துணைச் சுரங்களுக்கும் ஒரே வெலாசிட்டி. இது எப்படி உண்மையான பதிவு?

துருத்திக்காரன்:
அந்தப் பியானோவே அப்படித்தானே! ஒரு பாதியில் ஒரே நேரத்தில் அடிக்கும் சுரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வெற்றிடம். அதனால்தான் மெட்டை முன்னே கொண்டுவர, சரியாக அந்தக் கணத்தில் அழுத்தி மிதிக்கப் பழக வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பைத்தான் பதியச் சொல்கிறேன்.

கருங்கட்டை:
சென்சார் வைத்துவிட்டேன். உறுதியான சுருள்கள் 12 தேறின, மற்றவை ஸ்கேனுக்குப் போகும். அப்பாவுக்கு முழங்கால் வலி, நிறைய மிதிக்க முடியாது. நேற்று ஒரே ஒரு சுருள் மிதித்தார். வெலாசிட்டி 31இலிருந்து 104 வரை போயிருக்கிறது. முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் எப்போதும் வேக நெம்புகோலை இழுத்து நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு. திரையில் சுரங்களுக்கு நடுவே அது இடைவெளியாகத் தெரிகிறது. கூப்பிட்டுக் காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுருள்பெட்டி:
மகிழ்ச்சி. ஓட்டுவதற்கு முன் அந்தச் சுருளை ஸ்கேன் செய்தீர்களா?

கருங்கட்டை:
இல்லை. மீதி 11ஐயும் ஸ்கேன் செய்த பிறகுதான் அவரை உட்கார வைப்பேன்.