களிமண் தரையில் ஏணி புதைகிறது: ஓடு மாற்ற எப்படி நிறுத்துவது?

கேள்வி (மன்னார்குடி பக்கம்)

எங்களுடையது சீமை ஓடு போட்ட பழைய வீடு. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கொல்லைப்பக்கம் உடைந்திருக்கும் ஏழெட்டு ஓடுகளை மாற்ற வேண்டும். இறவாணம் (கூரையின் தாழ்ந்த விளிம்பு) தரையிலிருந்து பத்தடி. ஏணி 14 அடி, அலுமினியம். நேற்று நாலாவது படியில் இருந்தபோது ஏணியின் இடது கால் ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கி, ஏணி அப்படியே கோணிக்கொண்டது. குதித்துவிட்டேன், கணுக்கால் வீங்கியிருக்கிறது. செங்கல் வைத்துப் பார்த்தேன், அதுவும் சாய்கிறது. பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதால் மண் காயவே இல்லை. அப்பா, "நான் பிடிக்கிறேன், நீ ஏறு" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில் (திருத்துறைப்பூண்டி, தச்சு வேலை)

தம்பி, முதலில் அந்தச் செங்கல்லை எடுத்துவிடுங்கள். ஈர மண்ணில் அது ஒரு பக்கமாக அமுங்கும், இல்லையென்றால் உடையும். ஒன்றரை அங்குல கனமுள்ள நீளப் பலகை ஒன்றைப் போட்டு, ஏணியின் இரண்டு காலையும் அந்த ஒரே பலகையில் வையுங்கள். கால்களுக்குப் பின்னால் ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டை ஆணி அடித்துவிட்டால் வழுக்காது. பலகையும் பின்னால் நகராதபடி இரண்டு முளை அடியுங்கள். தரை சமமாக இல்லையா? தாழ்ந்த பக்கத்தில் எதையும் அடுக்க வேண்டாம், மேட்டுப் பக்கத்தை மண்வெட்டியால் செதுக்கி இறக்குங்கள்.

அப்புறம் சாய்வு. நாலடி உயரத்துக்கு ஓரடி என்று கணக்கு. உங்கள் பத்தடிக்கு ஏணியின் கால் இறவாணத்துக்கு நேர் கீழிருந்து இரண்டரை அடி தள்ளி இருக்க வேண்டும். அப்படி வைத்தால் 14 அடி ஏணி, கூரை விளிம்புக்கு மேல் மூன்றடிக்குக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். கூரைக்கு மாறும்போது பிடித்துக்கொள்ள அந்த மூன்றடி கட்டாயம் வேண்டும். டேப் இல்லையென்றால் ஏணிக்காலில் பாதநுனி படும்படி நிமிர்ந்து நின்று கையை நேராக நீட்டுங்கள். உள்ளங்கை படியில் பட்டால் சரி.

ஏறுவதற்கு முன் முதல் படியில் இரண்டு காலாலும் நின்று நன்றாக அழுத்திப் பாருங்கள். பலகை அமுங்கினால் இறங்கி, அதைவிட அகலமான பலகை போடுங்கள்.

கேட்டவர்

நன்றி அண்ணே. மேல் முனை ஓட்டின் விளிம்பில் சாய்ந்தால் ஓடு உடையாதா?

பதில் (அதே தச்சர்)

உடையும். உடைந்தால் ஏணி பக்கவாட்டில் ஓடிவிடும். அந்த இடத்தில் ஓரத்து ஓடுகள் இரண்டைக் கழற்றிவிட்டு ஏணியைக் கைமரத்தில் (ஓட்டைத் தாங்கும் சாய்வான மரத்தில்) சாய்த்து, இரண்டு பக்கமும் கயிற்றால் கட்டுங்கள். கட்டுவதற்காக ஏறும் அந்த முதல் தடவைதான் ஆபத்து. அப்போது கீழே ஒருவர் பிடிக்கத்தான் வேண்டும், ஆனால் வயதான அப்பா வேண்டாம். உங்கள் எடையைத் தாங்கக்கூடிய ஆள் கீழ்ப்படியில் ஒரு காலை ஊன்றி நிற்கட்டும். மேலே போனதும் ஓட்டை மிதிக்காமல், கைமரங்களின் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள்.

பதில் (நாகப்பட்டினம், எலெக்ட்ரீஷியன்)

யாரும் கேட்காததை நான் கேட்கிறேன்: சர்வீஸ் வயர் எந்தப் பக்கம் வருகிறது? அலுமினிய ஏணி என்பதால் கேட்கிறேன். வீட்டு மெயினை அணைத்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். கம்பத்திலிருந்து மீட்டர் வரைக்கும் அந்த வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். வெயிலில் உறை வெடித்த பழைய வயராக இருந்தால் இன்னும் மோசம். மூங்கில் ஏணி என்றாலும் நனைந்திருந்தால் நம்ப முடியாது. கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பரில், இந்தப் பக்கமெல்லாம் ஓடு மாற்ற ஏறாத வீடே இல்லை. அப்போது நான் போன வீடுகளிலெல்லாம் முதலில் அண்ணாந்து பார்த்தது வயரைத்தான்.

கேட்டவர்

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். வயர் கொல்லைப்பக்கமாகத்தான் வருகிறது, ஏணி வைத்த இடத்திலிருந்து நாலடிகூட இல்லை. நேற்று நான் அதைக் கவனிக்கவே இல்லை. மின்வாரிய அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை காலையில் வந்து கம்பத்தில் இணைப்பைத் துண்டித்துத் தருகிறார்களாம். பிடித்துக்கொள்ள மாமா வருகிறார். மாட்டுக்கொட்டகையில் பழைய கதவுப் பலகை ஒன்று கிடைத்தது, ஒன்றே முக்கால் அங்குல கனம். ரீப்பர் அடித்துவிட்டேன். கணுக்கால் வீக்கம் அதற்குள் வடியாவிட்டால் மாமாவே ஏறட்டும், நான் கீழ்ப்படியில் நிற்கிறேன்.