டிசம்பரில் ஓடிய 4.2, மே மாதத்தில் படுத்துவிட்டது – உங்கள் ஓவர்கிளாக் அனுபவங்களையும் சொல்லுங்கள்

கத்திரிவெயில்:

கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுப்பது எனக்குப் பக்கத் தொழில். வைத்திருப்பது ஏஎம்டியின் ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு. பெரிய வீடியோவை ரெண்டரில் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போட்டால் இரவு முழுக்க ஓடும். ப்ராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் கொஞ்சம் முடுக்கிவிட்டால் (அதுதான் ஓவர்கிளாக்) என்ன என்ற ஆசை ஒரு டிசம்பரில் வந்தது.

முதல் நாளே தப்பு. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங் பக்கம்) போய் மல்டிபிளையரை, அதாவது வேகப் பெருக்கியை, 42 என்று வைத்தேன். அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், அதன் 42 மடங்கு 4.2 கிகாஹெர்ட்ஸ், அவ்வளவுதான் கணக்கு. வோல்டேஜை மட்டும் 'ஆட்டோ'விலேயே விட்டுவிட்டேன். கணினி விழாமல் இருந்தால் போதும் என்று போர்டு 1.42 வோல்ட் அள்ளிக் கொடுத்தது. ப்ராசஸரோடு இலவசமாக வந்த குட்டிக் கூலர் ஊரைக் கூட்டும் அளவுக்குக் கத்தியது. ப்ராசஸரை முழு வேலை வாங்கிச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஓட்டிய கொஞ்ச நேரத்தில் 95 டிகிரி. இந்தச் சிப்புக்கு ஏஎம்டி சொல்லும் உச்சவரம்பே அதுதான். பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

அப்புறம் நாலு ஹீட்பைப் வைத்த டவர் கூலர் வாங்கினேன். சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் சூடு கடத்தத் தடவும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக வைத்தேன். இந்த முறை தலைகீழாகப் போனேன். முதலில் வோல்டேஜை 1.25-இல் நிறுத்திக்கொண்டு, 4.0-இலிருந்து 25 மெகாஹெர்ட்ஸ் 25 மெகாஹெர்ட்ஸாக ஏற்றினேன். ஒவ்வொரு படிக்கும் பத்து நிமிடம் சினிபெஞ்ச், ஓரத்தில் சூட்டையும் வோல்டேஜையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ. 4.2 வரை வந்தது. 4.3-க்கு 1.35 வோல்ட் கேட்டது. சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். கணக்குப் போட்டால் இரண்டரை சதவீத வேகத்துக்குக் கிட்டத்தட்ட இருபது சதவீதம் கூடுதல் சூடு. வேண்டாம் என்று 4.2-க்கே திரும்பிவிட்டேன். கடைசியில் கடுமையான கணக்குகளைக் கொடுத்துப் பிழை பிடிக்கும் பிரைம்95 அரை மணி நேரம், 74 டிகிரி. வெற்றி என்று தூங்கப் போனேன்.

ஐந்து மாதம் எதுவும் இல்லை. மே மாதம், ஏசி இல்லாத அறை. நீலத்திரை வரவில்லை, கணினி அணையவில்லை, ரெண்டர் ஒழுங்காக முடிந்தது. ஆனால் வீடியோவில் தாலி கட்டும் இடத்தில் மாப்பிள்ளை முகத்தில் பச்சைக் கட்டங்கள். பென் டிரைவைத் திட்டினேன், சாஃப்ட்வேரைத் திட்டினேன். மறுபடி ரெண்டர் போட்டால் கட்டங்கள் வேறு இடத்தில். அப்போதுதான் சந்தேகம் வந்து பிரைம்95-ஐத் திறந்தேன். பதினோராவது நிமிடம், கோருக்கு ஒன்றாக ஓடும் ஜன்னல்களில் ஒன்று மட்டும் நின்றது: ரவுண்டிங் பிழை 0.5 வந்திருக்கிறது, 0.4-க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். மற்ற ஜன்னல்கள் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு கோர் தப்புக் கணக்குப் போட்டிருக்கிறது, கணினி அதைச் சொல்லவே இல்லை.

சிப் சூடானால் அதே வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் தேவைப்படும். மார்கழிக் குளிரில் மயிரிழையில் தேறிய 1.25, கத்திரியில் போதவில்லை.

பழையபெட்டி:

தம்பி, உங்களுக்கு வீடியோ போனது. எனக்கு விண்டோஸே போனது. 2012-இல் இன்டெல் ஐ5 2500கே சிப், பி67 போர்டு. நான் செலரான் 300ஏ காலத்து ஆள். அப்போதெல்லாம் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடும், கதை முடிந்தது. அதே கை பழக்கத்தில் இதிலும் அடிப்படைக் கடிகாரத்தை 110 ஆக்கினேன். இந்தத் தலைமுறையில் டிஸ்க் இணையும் சாட்டா, கார்டுகள் இணையும் பிசிஐ எல்லாமே அந்த ஒரே கடிகாரத்தில்தான் தொங்குகின்றன என்பது எனக்குத் தெரியாது. இரண்டு முறை பூட் ஆனது. மூன்றாவது முறை டிஸ்க்கில் விண்டோஸையே காணவில்லை. நான்காவது முறை திரையே வரவில்லை.

பவர் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்தி மிச்சக் கரண்ட்டை வடியவிட்டு, போர்டில் காசு மாதிரி இருக்கும் 2032 பேட்டரியைக் கழற்றினேன். ஒரு டீ குடித்துவிட்டு வந்து திரும்பப் போட்டதும் பயாஸ் பழைய நிலைக்கு வந்தது. டிஸ்க்கில் இருந்த ஃபோட்டோக்கள் வரவில்லை. அதன்பின் கடிகாரத்தை 100-இலேயே விட்டு, மல்டிபிளையரை மட்டும் 44 வைத்து எட்டு வருஷம் ஓட்டினேன். அந்தத் தலைமுறையில் பெயரின் கடைசியில் கே இல்லாத சிப், எச்61 போர்டு வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம், மல்டிபிளையர் பூட்டு திறக்காது.

பச்சைக் கட்டம் வந்த நாளில் விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவர் பார்த்தீர்களா? வீயா-லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் 19-ஆம் எண் எச்சரிக்கை இருந்தால், பிழை வந்து ப்ராசஸரே திருத்திக்கொண்டது என்று அர்த்தம். நீலத்திரைக்கு முந்தைய இருமல் அது.

ரெண்டுகுச்சிராம்:

என்னுடையது கொஞ்சம் வெட்கக்கேடு. ப்ராசஸரை ஏற்றப் பயந்து ஒன்றரை வருஷம் எதையும் தொடவில்லை. ஒரு நாள் டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தைப் பார்த்தால், 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் 2400-இல் ஓடிக்கொண்டிருக்கிறது. ராமை அதன் விளம்பர வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை பயாஸில் ஆன் செய்தேன், ஒரு நிமிட வேலை. அதுவும் ஓவர்கிளாக்தான் என்பதால் இரவு முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிட்டேன், பிழை பூஜ்யம்.

புதுசு2000:

அண்ணா, என்னிடமும் 3600தான். கூடவே வந்த கூலர்தான் இருக்கிறது. 4.2 போகலாமா? வாரண்டி என்ன ஆகும்?

கத்திரிவெயில்:

வேண்டாம் தம்பி. முதலில் கூலரில் தூசி தட்டு, அதிலேயே சில டிகிரி இறங்கும். வாரண்டியைப் பொறுத்தவரை, ஓவர்கிளாக்கால் வரும் சேதத்தை ஏஎம்டி ஏற்காது, தெரிந்துதான் இறங்க வேண்டும். லாபத்தையும் கேட்டுக்கொள்: என் கணினியில் ஒரு மணி நேர ரெண்டருக்கு மூன்று நிமிடம் சொச்சம் மிச்சமானது. அந்தக் கூலர் வாங்கிய காசுக்கு இன்னொரு எஸ்எஸ்டி வாங்கியிருந்தால் வேலை இதைவிட வேகமாக நடந்திருக்கும்.

பழையபெட்டி ஐயா, நீங்கள் சொன்னதும் போய்ப் பார்த்தேன். 19-ஆம் எண் ஏப்ரல் கடைசியிலிருந்தே வரிசையாக இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. இப்போது பயாஸில் இரண்டு புரொஃபைல் சேமித்து வைத்திருக்கிறேன். ஒன்று 4.15, 1.275 வோல்ட். இன்னொன்று கம்பெனி செட்டிங் அப்படியே, அதற்கு 'மே' என்று பெயர் வைத்திருக்கிறேன். இன்று 'மே'யில்தான் ஓடுகிறது. அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் புது வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டது.