உயிருள்ள மண் நிரப்பிய பைகளுக்குத் தானியங்கிச் சொட்டுநீர்: நடுவில் சேறு, ஓரத்தில் வறட்சி

கேள்வி: கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மொட்டைமாடியில் தக்காளி, கத்தரி, மிளகாய், கீரை என்று சுமார் முப்பது வளர்ப்புப் பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 லிட்டர் மண் கொள்ளும். செம்மண், மக்கிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், சிறிது வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து நிரப்பி, மேலே இலைச்சருகால் மூடாக்குப் போட்டிருக்கிறேன். ஒரு பயிர் முடிந்ததும் மண்ணைக் கொட்டிவிடாமல், தண்டை மட்டும் அறுத்துவிட்டு வேரை உள்ளேயே மக்கவிட்டு, அதே பையில் அடுத்த நாற்றை நடுவது என் வழக்கம். ரசாயன உரம் எதுவும் இடுவதில்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்க வேண்டிய தேவை அடிக்கடி ஏற்படுவதால், டைமருடன் கூடிய சொட்டுநீர் அமைப்பைப் பொருத்தியுள்ளேன். மாடிப்படி அறையின் மேலுள்ள தொட்டியிலிருந்து 16 மி.மீ. குழாய் இறங்கி, பைக்கு ஒரு டிரிப்பர் (சொட்டுவான்) வீதம் நீர் தருகிறது. காலையில் அரை மணி நேரம் ஓடுகிறது. கையால் ஊற்றிய காலத்தில் இல்லாத ஒரு நிலையை இப்போது காண்கிறேன். டிரிப்பருக்கு நேர் கீழே மண் சேறாகக் கிடக்கிறது. நான்கு விரல் தள்ளிக் கிளறினால் பொடியாக உதிர்கிறது. நடுவிலுள்ள சருகு கறுத்து மக்கியிருக்க, ஓரத்துச் சருகு போட்டது போட்டபடியே மொறமொறவென்று இருக்கிறது. பையின் அடியில் தண்ணீர் வடிகிறது. ஆனாலும் மதியத்தில் செடி வாடி நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக அடிக்கும் மேற்கு வரிசையில் இது இன்னும் மோசம். நேரத்தைக் கூட்டுவதா, டிரிப்பரைக் கூட்டுவதா, டைமரையே விட்டுவிடுவதா? எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் பாத்திரத்தில் வெள்ளைப் படிவை விடும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பதில்: ஆனைமலை

அம்மா, முதலில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதை அளந்து பாருங்கள். டிரிப்பரின் மேல் 2 லிட்டர், 4 லிட்டர் என்று குறித்திருப்பது பொதுவாக 1 பார் அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் அளவு. அந்த அழுத்தத்துக்கு நீர்மட்டம் பைகளைவிடச் சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். படி அறையின் மேலிருக்கும் தொட்டிக்கும் மாடித்தரைக்கும் இடையே அதிகம் போனால் 3 மீட்டர் இருக்கும், அதாவது 0.3 பார். சாதாரண டிரிப்பரில் அழுத்தம் கால்வாசியாகக் குறைந்தால் ஓட்டம் பாதியாகக் குறையும் என்பதால், உங்களுடையது 2 லிட்டர் டிரிப்பராக இருந்தால் மணிக்கு 1 லிட்டருக்குச் சற்று மேல்தான் தரும். அரை மணி நேரத்தில் பைக்குக் கிடைப்பது அரை லிட்டர். காய்ப்பில் இருக்கும் தக்காளிக்குக் கோடையில், அதுவும் உங்கள் ஊர்க் காற்றில், அது நிச்சயமாகப் போதாது.

ஒரு டம்ளரை டிரிப்பருக்குக் கீழே 6 நிமிடம் பிடித்து, வந்த அளவைப் பத்தால் பெருக்கினால் மணிக்கான கணக்கு கிடைத்துவிடும். குழாயின் தொடக்கத்திலும் கடைசியிலும் பிடித்துப் பார்த்து, பெரிய வேறுபாடு இருந்தால் குழாயை ஒரே நீளமாக விடாமல் இரண்டாகப் பிரியுங்கள். அழுத்தத்தைச் சமன் செய்யும் டிரிப்பர் நல்லது என்று கடையில் பரிந்துரைப்பார்கள். ஆனால் அது ஒழுங்காக வேலை செய்யவே உங்கள் தொட்டி தருவதைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டும். டைமரின் வால்வையும் கவனியுங்கள். மின்காந்தத்தால் இயங்கும், சவ்வுள்ள சொலினாய்டு வால்வுகள் பலவற்றுக்கு முழுதாகத் திறந்து மூட நீரின் அழுத்தம் தேவை. தொட்டி நீருக்கு, மோட்டாரால் சுழலும் பால் வால்வு (துளையுள்ள உருண்டை திரும்பித் திறக்கும் வால்வு) உள்ள டைமரே ஏற்றது. மேற்கு வரிசைக்குத் தனிக் குழாயும் தனி வால்வும் வைத்துவிட்டால், காற்றடிக்கும் மாதங்களில் அந்த வரிசைக்கு மட்டும் நீரைக் கூட்டிக்கொள்ளலாம்.

பதில்: செங்கோட்டை

ஆனைமலை அண்ணன் கூறிய கணக்கு சரியே. ஆனால் அளவைக் கூட்டினால் மட்டும் ஓரம் நனைந்துவிடாது. நார்க்கழிவு அதிகமுள்ள இலகுவான கலவையில் ஒரு புள்ளியில் விழும் நீர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழிறங்கும். அத்துடன் மண் காய்ந்து சுருங்கும்போது பைச்சுவருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு கீற்று இடைவெளி விழுந்து, நீர் வேரைத் தொடாமலேயே அதன் வழியாக அடிக்குப் போய்விடும். வடிகிற பையில் செடி வாடுவதன் காரணம் இதுதான். ஆகவே அடியில் ஒழுகுவதைப் போதிய ஈரத்தின் அடையாளமாகக் கொள்ளாதீர்கள்.

ரசாயனக் கரைசல் ஊட்டி வளர்ப்பவருக்கு, வேர் இருக்கும் இடத்தில் நீர் போய்ச் சேர்ந்தால் போதும். நம் முறையில் செடிக்கு உணவு தயாரிப்பது மண்ணிலுள்ள உயிர்கள். அவற்றின் வேலை பெரும்பாலும் மூடாக்குக்கு அடியில், மேலிருந்து மூன்று நான்கு விரல் ஆழத்தில் நடக்கிறது. அந்த அடுக்கு காய்ந்தால் பூஞ்சை இழை ஓடாது, புழு மேலே வராது, நீங்கள் தூவிய மண்புழு உரமும் புண்ணாக்கும் உணவாக மாறாமல் அப்படியே கிடக்கும். நீரே ஊற்றாமல் பட்டினி போட்டதற்குச் சமம் அது. மறுபக்கம், எப்போதும் சேறாக இருக்கும் இடத்தில் காற்று நுழையாமல் மண் புளித்து நாறத் தொடங்கும். ஒரே பையில் இவ்விரண்டு கேடுகளையும் ஒற்றை டிரிப்பர் உண்டாக்கிவிடுகிறது. எனவே முதலில் மேற்பரப்பு முழுவதும் நனைய வழி செய்யுங்கள். உள்ளேயே டிரிப்பர் பதித்த மெல்லிய குழாய் கிடைக்கிறது. அதைச் செடியைச் சுற்றி வளையமாக, மூடாக்குக்கு அடியில் இடுவதே என் தேர்வு. அது கிடைக்காவிட்டால் பைக்கு மூன்று மைக்ரோ டியூபுகளை (மெல்லிய கிளைக்குழாய்களை) ஓரத்துக்கும் தண்டுக்கும் நடுவே வையுங்கள்.

அடுத்து, அரை மணி நேரத்தை ஒரே தவணையாக விடாமல், பத்துப் பத்து நிமிடமாக இடைவெளி விட்டுத் திறக்கும்படி டைமரை அமையுங்கள். முதல் தவணை மண்ணை இளக்கும். அடுத்தவை பக்கவாட்டில் ஊறும். ஆனால் இப்போதுள்ள வறண்ட ஓரத்தை டிரிப்பரால் மீட்க முடியாது. பூவாளியால் மெதுவாக, பல தடவையாக ஊற்றி, மண் முழுவதும் ஒரே கறுப்பாக வரும்வரை நனைத்து, சுவரோரக் கீற்றை மண்புழு உரத்தால் அடைத்துவிட்டு, அதன் பிறகு டைமரிடம் ஒப்படையுங்கள். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஓரிரு துளிக்கு மேல் கசியக் கூடாது. அதுதான் அளவு.

பதில்: ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் மாவட்டம்

எனக்கு டைமரின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மேகமூட்டமான நாளுக்கும் அனல் காற்று வீசும் நாளுக்கும் அது ஒரே அளவு தண்ணீரைத் தருகிறது. மண்ணைக் கேட்டு நீர் விடும் முறை ஒன்று உண்டு. நீர் நிரப்பிய சுடுமண் கூம்பை மண்ணில் செருகுவார்கள்; மண் காயும்போது கூம்பிலிருந்து நீரை இழுக்கும்; கூம்புக்குள் ஏற்படும் அந்த இழுவை மேலே உள்ள சவ்வை விலக்க, மெல்லிய குழாய் திறந்து சொட்டும்; மண் நனைந்ததும் தானாகவே மூடிக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், குறைந்த அழுத்தமே போதும். ஆஸ்திரியாவில் புளூமாட் என்ற பெயரில் செய்கிறார்கள். முப்பது பைக்கும் வாங்குவது செலவு என்றால், நம் ஊர்ப் பானைப் பாசனமும் இதே தத்துவம்தான்: சிறு மண்கலயத்தைக் கழுத்துவரை புதைத்து நீர் ஊற்றி மூடிவிட்டால், காய்ந்த பக்கத்துக்கே நீர் கசியும். 20 லிட்டர் பையில் கலயம் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், கறிவேப்பிலை போன்றவை நிற்கும் பெரிய தொட்டிகளுக்கே அதைப் பரிந்துரைப்பேன்.

இரண்டுக்குமே உங்கள் கடின நீர் பகை. சுடுமண்ணின் நுண்துளைகளைச் சுண்ணாம்பு அடைத்துவிடும். எந்த முறையானாலும் தொட்டியின் வாயிலில் 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்ணிகள் உள்ள) வடிகட்டி கட்டாயம். அடைத்த டிரிப்பர்களைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். பையோடு இணைந்திருக்கும் குழாயில் அமிலத்தை விடவே கூடாது. ஈரமும் வறட்சியும் சந்திக்கும் விளிம்பில் உப்புப் பூத்தால், முடிந்தவரை மழைநீரைச் சேமித்து அவ்வப்போது நிறைய ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. அளந்து பார்த்ததில் முதல் பையில் மணிக்கு 1 லிட்டருக்குச் சற்று மேலும், கடைசிப் பையில் முக்கால் லிட்டரும் வருகிறது. குழாயைப் பிரித்து, வளையக் குழாய் இடப்போகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. சாணம், கோமியம், வெல்லம் முதலியவற்றைக் கலந்து புளிக்கவைக்கும் ஜீவாமிர்தத்தை இதே குழாயில் விடலாமா? ஜூனில் மழை தொடங்கியதும் டைமரை நிறுத்திவிடலாமா?

பதில்: செங்கோட்டை

ஜீவாமிர்தத்தைக் குழாயில் விட வேண்டாம் அம்மா. எவ்வளவு வடிகட்டினாலும் வெல்லமும் நுண்ணுயிரும் சேர்ந்து குழாயின் உட்புறத்தில் வழுவழுப்பான படலத்தை வளர்த்து அடைத்துவிடும். நீங்கள் ஊரில் இருக்கும் நாளில், பை நனைந்த பிறகு, மூடாக்கை விலக்கிக் கையால் ஊற்றுங்கள்.

சாரலை நம்பி டைமரை நிறுத்தாதீர்கள். தூறலை இலைக்கூட்டமும் மூடாக்குமே வாங்கிக்கொள்ள, மழைக்குப் பின் வீசும் காற்று மீதி ஈரத்தையும் எடுத்துவிடும். மூடாக்கை விலக்கிப் பார்த்து, மண் உள்ளே நனைந்திருந்தால் மட்டும் தவணைகளைக் குறையுங்கள். இன்னொன்று: பைக்கு நாளொன்றுக்கு 1 லிட்டர் என்றாலே முப்பது பைக்கு ஒரு வாரத்தில் 210 லிட்டர் ஆகும். வீட்டுத் தொட்டியில் நேராக இணைக்காமல் இதற்கென்று 500 லிட்டர் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்தால், நீங்கள் ஊரில் இல்லாதபோது ஒரு குழாய் கழன்றுகொண்டாலும் வீட்டுத் தண்ணீர் முழுவதும் காலியாகாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அமைப்பை ஓடவிட்டு, கையால் ஒரு சொட்டும் ஊற்றாமல் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.