'செல் பரவல்' வேண்டாம், 'செல் சிந்தல்' என்போம்

அன்புள்ள ஐயா,

> கருப்பை அகநோக்கலின்போது (குழல்கருவியால் கருப்பையின் உள்ளே பார்க்கும் சோதனை, ஹிஸ்டரோஸ்கோபி) புற்றுசெல்கள் கருக்குழாய் வழியே வயிற்றறைக்குள் போவதை 'செல் பரவல்' எனலாம்.

நீங்கள் எழுதிய இந்த வரியில் எனக்கு உடன்பாடில்லை. நோய் வேறிடத்தில் வேரூன்றி வளர்வதற்குப் 'பரவல்' என்ற சொல்லை என்றோ கொடுத்துவிட்டோம். இங்கே நடப்பது வேறு. கருப்பையின் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பவை. உள்ளே பார்க்க உப்புநீரை அழுத்திச் செலுத்தி விரிக்கிறார்கள். அழுத்தம் கூடினால் நீர் கருக்குழாய் வழியே வெளியேறும், உதிர்ந்த செல்களும் கூடவே போகும். அழுத்தத்தை இயன்றவரை தாழ்த்தி வைப்பது இதனால்தான். போன செல் அங்கே முளைக்குமா என்பது தனிக் கேள்வி. அகநோக்கலுக்குப் பின் வயிற்றறைக் கழுவுநீரில் (வயிற்றறையைக் கழுவிச் சோதனைக்கு எடுக்கும் நீர்) புற்றுசெல்கள் கூடுதலாகத் தென்படுகின்றன. ஆரம்பநிலை நோயில் அதனால் ஆயுள் குறைகிறது என்று நிறுவப்படவில்லை.

கருப்பை உட்படலப் புற்றின் நிலைகளுக்கு ஃபிகோ (பன்னாட்டு மகளிர் மருத்துவ, மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு) தந்த வகைப்பாட்டையே பாருங்கள். 1988இல் கழுவுநீரில் செல் இருந்தாலே மூன்றாம் நிலை. 2009இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்; தனியே குறித்து வைத்தால் போதும். அதே செல், அதே நீர்!

சென்ற மாதம் ஓர் ஒப்புதல் படிவத்தை மொழிபெயர்த்தேன். 'சோதனையால் புற்றுசெல் பரவல் நேரலாம்' என்ற வரியைப் படித்த பெண்மணி பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் எழுதிய வரிதான் அது. சோதனையைத் தவிர்த்தால் நோயறிதலே தள்ளிப்போகும். கண்ணால் பாராமல் சுரண்டி எடுக்கும் பழைய முறையில் சிறு கட்டி தப்பிவிடவும் கூடும்.

ஆகவே 'செல் சிந்தல்' என்பது என் முன்மொழிவு.

---

அம்மா,

பரவலைக் கைவிடுகிறேன். ஆனால் 'சிந்தல்' கைத்தவறு போல ஒலிக்கிறதே. எந்த மருத்துவர் கையெழுத்திடுவார்? 'செல் கசிவு' ஆகாதா?

---

ஐயா,

கசிவு சுவரின் வழியே மெல்ல நிகழ்வது. இங்கே திறந்த குழாயில் நீர் தள்ளிக்கொண்டு போகிறது. 'வழிவு' என்றும் யோசித்தேன். வழிவது நீர், செல் அல்ல. கைத்தவறு வாடை இருப்பது உண்மைதான். ஆனால் பால் தானாகவும் சிந்தும், யாரும் கவிழ்க்க வேண்டியதில்லை. 'ஊன்றல்' என்பதைச் சிந்திய செல் ஒட்டி வளர்வதற்கு ஒதுக்கலாம். கரு ஒட்டுவதற்குக் 'கருப்பதிவு' இருப்பதால் மோதல் வராது.

படிவத்தை இப்படித் திருத்தியிருக்கிறேன்: 'சோதனை நீருடன் சில செல்கள் வயிற்றறைக்குள் சிந்தக்கூடும். ஆரம்பநிலையில் இதனால் நோய் முற்றுவதாக நிறுவப்படவில்லை.' இரண்டாம் வாக்கியம் இல்லாமல் முதலாவதை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.