கலைச்சொல் உதவி: வெப்ப ஒளிர்வா, தேக்கொளிர்வா?

தண்டையார்பேட்டையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். எண்ணூர், மணலிப் பக்கம் குழாய் வெல்டிங்கைக் கதிர்ப்படம் எடுத்துச் சோதிக்கும் தொழிலாளர்களுக்காக ஒரு பாதுகாப்புக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஐடிஐ முடித்தவர்கள். கதிர் வீசும் இரிடியம்-192 வைத்து இரவு வேலை பார்ப்பவர்கள். உடம்பில் பட்ட கதிரை அளக்க மார்பு உயரத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டையை 'பேட்ஜ்' என்கிறார்கள், அது அப்படியே இருக்கட்டும். அதன் உள்ளே நடப்பதற்குத்தான் பெயர் வேண்டும்: தெர்மோலூமினசென்ஸ். மூலநூல் வெளிநாட்டில் எழுதியது என்பதால் ஓர் அத்தியாயம் முழுக்க அந்த அட்டைக்குள் வைக்கும் லித்தியம் ஃபுளூரைடு படிகச் சில்லு பற்றியது. 'வெப்ப ஒளிர்வு' என்று போட்டு மாதிரிப் பக்கத்தை ஒரு தம்பியிடம் கொடுத்தேன். "அனல் மின் நிலையம் மாதிரி, சூட்டிலிருந்து வெளிச்சம் எடுக்கிறதா சார்?" என்று கேட்டான். பெயர் அவனை அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. வேறு சொல் உண்டா?

இராயபுரத்திலிருந்து:

ஐயா, தம்பி கேட்டது நல்ல கேள்வி. நான் கதிர்மருத்துவத் துறையில் இந்தச் சில்லுகளோடு வேலை செய்கிறவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லித்தியம் ஃபுளூரைடில் மக்னீசியமும் டைட்டானியமும் மிகச் சிறிதளவு கலந்தால் படிகத்தில் எலக்ட்ரான்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள் உண்டாகின்றன. கதிர் பட்டதும் எலக்ட்ரான்கள் கிளம்பி அங்கே மாட்டிக்கொள்கின்றன. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சுமார் 200 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கும்போது விடுபட்டு நீல ஒளியாக ஆற்றலைக் கொட்டிவிடுகின்றன. எவ்வளவு ஒளியோ அவ்வளவு கதிர் பட்டிருக்கிறது. அதே சில்லை உடனே இரண்டாவது முறை சூடாக்கினால் அந்த ஒளி வராது. ஒளிக்கான ஆற்றல் கதிரிலிருந்து வந்தது, வெப்பம் அதை வெளியே விடுகிறது, அவ்வளவுதான். இதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சில்லு 3.2 மில்லிமீட்டர் சதுரம், தடிமன் 0.9 மில்லிமீட்டர். விரலால் தொடமாட்டோம். தோலின் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் சூட்டில் தாமே ஒளிர்ந்து கணக்கைக் கெடுக்கும் என்பதால் உறிஞ்சு சாமணத்தால்தான் எடுப்போம். அளந்து முடித்ததும் 400 டிகிரியில் ஒரு மணி நேரம், 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழையபடி வேலைக்குத் தயார்.

லித்தியம் ஃபுளூரைடுக்கு ஏன் இந்த மவுசு என்பதையும் கையேட்டில் சேருங்கள். ஒரு பொருள் கதிரை எப்படி உறிஞ்சும் என்பதைக் காட்டும் பயனுறு அணு எண் அதற்குச் சுமார் 8.2, உடல் திசுவுக்கு 7.4. கதிரை ஏறக்குறைய உடம்பு வாங்குவது போலவே வாங்கும். நம் நாட்டுப் பேட்ஜில் இருப்பதோ டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட். அதற்கு 15க்கும் மேல், ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிரை மிகைப்படுத்திக் காட்டும். அதைச் சரிக்கட்டத்தான் மூன்று வில்லைகள்: ஒன்று உலோக வடிப்பானுக்கு அடியில், ஒன்று பிளாஸ்டிக்குக்கு அடியில், ஒன்று திறந்தபடி.

என் பரிந்துரை 'வெப்பத்தூண்டொளிர்வு'. வெப்பத்துக்குப் பதில் ஒளியைப் பாய்ச்சி அளக்கும் முறையும் இப்போது பரவிவிட்டது. அதை 'ஒளித்தூண்டொளிர்வு' என்றால் இரண்டும் அக்காள் தங்கையாக நிற்கும்.

பெரம்பூரிலிருந்து:

அம்மையாரின் விளக்கம் அருமை. ஆனால் சொல் நீளம். 'பொற்குடம்' என்றால் பொன்னால் செய்த குடம் என்று நாமே விரித்துக்கொள்கிறோம், 'செய்த' என்பதை யாரும் உள்ளே எழுதுவதில்லை. 'வெப்ப ஒளிர்வு' என்பதும் அப்படி உருபும் பயனும் உடன்தொக்க தொகையே. வெப்பத்தால் தூண்டப்பட்ட ஒளிர்வு என விரியும். தம்பிக்குத் தொகை விரிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

புதுச்சொல்தான் வேண்டுமென்றால் 'பொறி' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். எலிப்பொறியில் அது சிக்கவைப்பது. தீப்பொறியில் அது தெறிக்கும் ஒளி. கல்லில் பொறித்தல், சோழரின் புலிப்பொறி என்னும்போது அது பதிந்து நிற்கும் அடையாளம். ஐம்பொறியில் அது உணரும் வாயில். கதிர் படிகத்தில் தன்னைப் பொறிக்கிறது, எலக்ட்ரான் பொறியில் சிக்குகிறது, சூடுபட்டால் பொறியாக வெளிவருகிறது, பேட்ஜ் கதிரை உணரும் பொறியாகிறது. இத்தனையையும் ஒரே சொல் சுமக்கிறதே! 'பொறியொளிர்வு' என்று வைக்கலாம். இவையெல்லாம் ஒரு வேரில் கிளைத்தவையா, வெவ்வேறு வேர்கள் ஒலியால் ஒன்றானவையா என்பது பற்றித் தனியே எழுதுகிறேன்.

இன்னொன்று. லகரம் மொழிக்கு முதலில் வராது, முன்னால் இகரம் சேர்க்க நன்னூலார் வழி சொல்லியிருக்கிறார். ஆய்தமும் சொல்லின் தொடக்கத்தில் நிற்காது. 'இலித்தியம் புளூரைடு' என்று எழுதுங்கள்.

மணலியிலிருந்து:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். நான் அந்த வேலையிலேயே இருப்பவன். எங்கள் பசங்களுக்குப் பொறி என்றால் வெல்டிங் பொறிதான். 'பொறியொளிர்வு' என்று போட்டால் வெல்டிங் வெளிச்சத்தைப் பேட்ஜ் அளக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அது ஆபத்து. லித்தியம் அவர்களுக்கு ஃபோன் பேட்டரியிலேயே பழக்கம், அதற்கு முன்னால் 'இ' எதற்கு?

உடம்பு வாங்கும் கதிரின் அளவைச் சொல்லும் 'டோஸ்' என்பதற்கும் தமிழ் வேண்டும். எங்களிடம் டோஸ் என்றால் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவது.

திருவொற்றியூரிலிருந்து:

டோஸுக்கு 'ஏற்பளவு' நன்றாகவே இருக்கிறது. ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (ஏற்பளவின் அலகு), அதுவும் ஐந்தாண்டுச் சராசரி, எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் போகக் கூடாது என்ற நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பை 'ஏற்பளவு வரம்பு' என்றால் சட்டென்று புரியும்.

பெரிய சொல்லுக்கு வருகிறேன். பள்ளியில் 'உடனொளிர்வு', 'நின்றொளிர்வு' என்று இரண்டு சொல்லித் தருகிறோம். கதிர் படும்போதே ஒளிர்வது முன்னது, கதிர் நின்ற பிறகும் சற்று நேரம் ஒளிர்வது பின்னது. மூன்றாவதாக 'தேக்கொளிர்வு' வரட்டும். புழல் ஏரியில் மழைநீரைத் தேக்கி, வேண்டும்போது மதகைத் திறக்கிறோம். இங்கே மழை கதிர், மதகைத் திறக்கும் கை வெப்பம். மதகைத் திறந்த கையைப் பார்த்து அதுதான் தண்ணீர் கொடுத்தது என்று யாரும் சொல்வதில்லை.

1663இல் இராபர்ட் பாயில் ஒரு வைரத்தைத் தன் உடம்புச் சூட்டில் வைத்துப் பார்த்து, இருட்டில் அது ஒளிர்ந்ததைப் பதிவு செய்தார். கதிரியக்கம் என்ற ஒன்று தெரியவந்ததே 1896இல். அவர் கண்ணில் பட்டது வெப்பமும் ஒளியும் மட்டுமே. பெயரிலும் அவை இரண்டுமே நின்றுவிட்டன. தேக்கி வைத்தது எது என்று தெரிந்த நாமும் ஏன் அதையே எழுத வேண்டும்?

பெரம்பூரிலிருந்து:

தேக்கு என்றதும் மரம்தான் நினைவுக்கு வரும். அது போகட்டும். ஒளி எங்கே தேங்குகிறது? தேங்குவது எலக்ட்ரான் என்று அம்மையாரே சொன்னார். இல்லாத ஒளியைத் தேக்கியதாகச் சொல்வது பொருட்பிழை.

இராயபுரத்திலிருந்து:

தேங்குவது ஆற்றல், ஐயா. தேக்கத்திலிருந்து எழும் ஒளிர்வு என்று விரித்தால் பிழையில்லை, உங்கள் பொற்குடத்து வழிதான். எனக்குச் சொல் பிடித்திருக்கிறது. ஆனால் ஒளியால் திறந்தாலும் அது தேக்கொளிர்வுதானே? ஆகவே இது குடும்பப் பெயர். சூட்டால் திறப்பதற்குத் தனிப்பெயர் இன்னும் வேண்டியிருக்கிறது. 'வெப்பத் தேக்கொளிர்வு' என்றால் வெப்பத்தைத் தேக்குவதாகிவிடும். பழைய பானை ஓடுகளின் காலத்தைக் கணிப்பதும் இதே முறைதான், தொல்லியலாரையும் மனத்தில் வைக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

நாளை பக்கங்களைக் கொடுத்தாக வேண்டும். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பெரும்பாலோர் 'வெப்ப ஒளிர்வு' இருக்கட்டும் என்கிறார்கள். அதையே வைக்கிறேன். முதல் இடத்தில் இந்த வரியைச் சேர்க்கிறேன்: "கதிர் பட்டுப் படிகத்தில் தேங்கிய ஆற்றல், பிறகு சூடாக்கும்போது ஒளியாக வெளிவருவது." 'தேக்கொளிர்வு' சொற்பட்டியலில் பொதுப்பெயராக வரும். லித்தியத்துக்கு 'இ' இல்லை.

பெரம்பூரிலிருந்து:

என் மறுப்பு பதிவாகட்டும். 'வெப்ப ஒளிர்வு' முதலிலேயே சரி என்றுதான் சொன்னேன், அதற்கு அடியில் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை. 'இலித்தியம்' பற்றி என் கருத்து மாறவில்லை. பொறி பற்றிய கட்டுரை ஞாயிறன்று வரும்.

மணலியிலிருந்து:

சார், அச்சுக்குப் போகும் முன் ஒரு வரி. பசங்க பேட்ஜைக் கழற்றி, கதிர்மூலம் இருக்கும் கேமரா பெட்டி மேலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். அங்கே பேட்ஜ் வாங்குவதெல்லாம் அவர்கள் பெயரில்தான் ஏறும். "கழற்றினால் கதிர் இல்லாத இடத்தில், வெயில் படாமல் வை" என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.